காலி இடத்துக்கு எந்தக் கார்டு?

"டீச்சர், எனக்குச் சரியாத் தூக்கமே இல்லை," என்றார் இளந்திரையன்.

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. கம்ப்யூட்டர்ல ஒரு இடம் காலியா இருக்கு."

அமிர்தவல்லி சிரிக்கவில்லை. ஏற்காட்டு மலையில் அவர் வீட்டைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய இப்படித்தான் பேசுவார்கள். ஒரு காலத்தில் ஆசை ஆசையாய் வீட்டுக்கு வாங்கி, பிறகு உலகமே மறந்துவிட்ட பழைய கம்ப்யூட்டர்களோடு அல்லாடுகிறவர்கள். அமிர்தவல்லியைக் குரு என்று முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். இப்போது யாரும் கேலியாகச் சொல்வதில்லை.

அவருக்கும் இளந்திரையனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் இளந்திரையன் அவர் முன்னால் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார்.

பையிலிருந்து இரண்டு கார்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்து உள்ளே செருகுகிற பச்சைத் தகடுகள். செருகினால் கம்ப்யூட்டருக்கு ஒரு புது வேலை தெரிந்துவிடும்.

"இது சவுண்டு கார்டு. போட்டா பாட்டு வாசிக்கும். இது டிஸ்க் கார்டு. பிளாப்பி படிக்கிறதுக்கு."

"டிஸ்க் கார்டுதான் உங்க மிஷின்ல ஏற்கெனவே இருக்கே."

"இருக்கு. இதையும் போட்டா இன்னும் ரெண்டு டிரைவ் சேர்த்துக்கலாம். ரெண்டுமே லேசில கிடைக்காத சாமான், டீச்சர். எதைப் போட்டாலும், போடாததுதான் கண்ணு முன்னாடி வந்து நிக்குது."

"மிஷினை வெச்சு என்ன பண்றீங்க?"

"இன்னும் ஒண்ணும் பண்ணலை. முதல்ல எல்லாம் அமையட்டும்னு பாக்குறேன்."

அமிர்தவல்லி பதில் சொல்வதற்குள் வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி, தோளில் பெரிய பயணப் பையோடு மூச்சிரைக்க உள்ளே வந்தார். பெயர் கோமளா, ஊர் ராசிபுரம் என்றார். பைக்குள் பழைய சேலையில் சுற்றி ஒரு கம்ப்யூட்டரும் அதன் டிரைவும் ஒரு பிளாப்பியும் இருந்தன. கம்ப்யூட்டர் இளந்திரையனிடம் இருக்கும் அதே மாடல்.

"எங்க வீட்டுக்காரரோடது. அவர் போன வருஷம் தவறிட்டார். பிளாப்பியைப் போட்டா இது படிக்க மாட்டேங்குது. உங்ககிட்டக் காட்டச் சொன்னாங்க."

அமிர்தவல்லி மூடியைத் திறந்தார். உள்ளே இருந்தது ஒரே ஒரு கார்டு. அதுவும் களிம்பேறிக் கிடந்தது. பிரஷ்ஷால் தேய்த்தார். திரும்பச் செருகிப் பார்த்தார். டிரைவ் அசையவே இல்லை.

"டிஸ்க் கார்டு போயிடுச்சுக்கா. இனி இது தேறாது. வேற கார்டுதான் போடணும்."

"உங்ககிட்ட இருக்குமா?"

"என்கிட்ட இல்லை."

உண்மைதான், அவரிடம் இல்லை. மேசைமேல் இருந்தது. ஆனால் அது என்னவென்று கோமளாவுக்குத் தெரியாது.

அமிர்தவல்லி இப்போது தன்னைப் பார்ப்பார் என்று இளந்திரையன் நினைத்தார். பார்த்தால் சொல்வதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தார்.

அமிர்தவல்லி பார்க்கவில்லை.

கோமளாவின் கம்ப்யூட்டரைப் பழையபடி சேலையில் சுற்றிப் பையில் வைத்தார். பிறகு இளந்திரையனின் கார்டுகள் இரண்டையும் எடுத்து அவருடைய பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, அவரிடமே நீட்டினார்.

"மழை வரும்போல இருக்கு. இந்த பஸ்ஸை விட்டா அடுத்தது சாயங்காலம்தான். ரெண்டு பேரும் ஒண்ணாவே போயிடுங்க. சார், அக்கா பையைக் கொஞ்சம் தூக்கிக்குங்க."

"டீச்சர், நான் கேட்டதுக்கு..."

"பஸ் போயிடும் சார்."

காப்பித் தோட்டத்துக்கு நடுவே இறக்கத்தில் நடந்தார்கள். கோமளாவின் பை இளந்திரையனின் தோளை அழுத்தியது. அவருடைய சொந்தப் பை கையில் லேசாகத்தான் இருந்தது. ஆனாலும் அடிக்கடி கை மாற்றிக்கொண்டார்.

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார். "அந்த பிளாப்பியில என்னம்மா இருக்கு?"

"ஆடு புலி ஆட்டம். அவரே எழுதினது. எனக்கு ஆடு, கம்ப்யூட்டருக்குப் புலி."

"இப்பல்லாம் போன்லயே கிடைக்குமே."

"கிடைக்குது. எங்க அண்ணன் பொண்ணு போட்டுக் குடுத்தா. அந்தப் புலி ரொம்ப யோசிக்குது சார். எங்க வீட்டுக்காரருக்கு யோசனையெல்லாம் கிடையாது. ஒரு ஆடு தனியா நின்னா போதும், பாஞ்சிடுவார். தனக்குத் தெரிஞ்ச மாதிரிதான கம்ப்யூட்டருக்கும் சொல்லிக் குடுத்திருப்பார்? அதுக்கும் அதே அவசரம்."

கோமளா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"சாயங்காலம் ஒரு ஆட்டம் ஆடாம நான் அடுப்பைப் பத்த வெச்சதில்லை."

கீழே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

"நீங்க என்ன விஷயமா சார் வந்தீங்க?"

"ஒரு சின்னச் சந்தேகம்."

"தீர்ந்துச்சா?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. கோமளா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு பைக்காகக் கையை நீட்டினார்.

இளந்திரையன் கொடுக்கவில்லை.

"சீக்கிரம் ஏறுங்க சார்," என்றார் கண்டக்டர்.

"நாங்க வரலை. நீங்க போங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. கோமளா திகைத்துப்போய்க் காலைக் கீழே வைத்தார். பஸ் கிளம்பிவிட்டது.

"என்ன சார் இது?"

"அம்மா, உங்களுக்கு வேணுங்கிற கார்டு என் பையில இருக்கு. அங்க மேசைமேல இருந்ததே இதுதான். நான்தான் வாயைத் திறக்கலை."

கோமளா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கத்துவார் என்று இளந்திரையன் எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது.

"அப்ப நடங்க," என்றார் கோமளா. "நனையாமப் போய்ச் சேரலாம்."

ஏற்றத்தில் அவர்தான் முன்னால் நடந்தார்.

கதவு திறந்தே கிடந்தது. மேசையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்திருந்தது. கம்ப்யூட்டருக்குத் திரையாக வைத்திருந்த டிவியும் ஓடிக்கொண்டிருந்தது. அமிர்தவல்லி ஒன்றும் கேட்காமல் கையை மட்டும் நீட்டினார். இளந்திரையன் பையைத் திறந்து டிஸ்க் கார்டை அந்தக் கையில் வைத்தார்.

கார்டு உள்ளே போனது. ஸ்விட்சைப் போட்டதும் டிரைவ் கடகடவென்று இரண்டு தரம் முனகிவிட்டுச் சுழன்றது. திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. முக்கோணம், அதன் குறுக்கே கட்டங்கள், உச்சியில் புலிகள்.

கோமளா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு ஆட்டை வைத்தார். புலி நகர்ந்தது. இன்னொன்று வைத்தார். புலி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து அதைத் தின்றது.

"பாத்தீங்களா! அதே அவசரம்!" கோமளா மேசையைத் தட்டினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆட்டை வைத்தார்.

இளந்திரையன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று குனிந்து பார்த்தார்.

"அம்மா, அந்த ஓரத்து ஆடு தனியா நிக்குது."

"நிக்கட்டும். நீங்க பேசாம இருங்க."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அமிர்தவல்லி டீ கொண்டுவந்து வைத்தார். யாரும் எடுக்கவில்லை. இளந்திரையனின் பை வாயைத் திறந்தபடி தரையில் கிடந்தது. அமிர்தவல்லி அதிலிருந்து சவுண்டு கார்டை எடுத்துத் தூசி தட்டினார்.

"சார், காலி இடத்துக்கு இனி இதுதானே?"

"கொஞ்சம் இருங்க டீச்சர்," என்றார் இளந்திரையன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "புலி மாட்டப்போகுது."