மிச்ச இடம்

கோயில் கமிட்டித் தலைவரான படகு முதலாளி தொபியாஸ், திருவிழாவுக்கு முந்தின நாள், பூசையில் எல்லாருக்கும் கொடுக்கும் நற்கருணை அப்பத்தைச் சுடும் சவேரியாளிடம் வந்தார்.

“புதுப் பீடம் கட்டிக் கொடுத்தவன் நான். எனக்கு மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒண்ணு சுடு. ஆண்டவருக்கு என்மேலதான் பிரியம் அதிகம்னு ஊர் பார்க்கணும். இல்லேன்னா உனக்கு இங்க வேலை கிடையாது.”

சவேரியாள் மாவைக் கரைத்தபடியே சொன்னாள்: “சுடுறேன் முதலாளி. ஒரு சந்தேகம். பூசையில சின்ன அப்பத்துலயே ஆண்டவர் முழுசா வந்துடுறாரு. உங்க அப்பத்துல மிச்சம் கிடக்கிற இடத்துல யாரை வைக்கிறது?”

வாசலில் நின்ற பங்குச்சாமியார் சிரித்துவிட்டார். முதலாளியின் முகம் சுருங்கியது. திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் திருவிழாப் பூசையில், நற்கருணை வாங்கும் வரிசையில் முதலாளி சவேரியாளுக்குப் பின்னால் நின்று, எல்லாரையும் போலச் சின்ன அப்பமே வாங்கினார். பூசை முடிந்ததும் கண்கலங்க அவளிடம் வந்தார்.

“எனக்கு முழுசாக் கிடைச்சுது தாயி. உனக்கு நன்றி.”

“எனக்கும் முழுசாத்தான் முதலாளி. நன்றியை ஆண்டவருக்குச் சொல்லுவோம், வாங்க.”