பிரிப்பானும் நாற்பதாம் பாகமும்

முன்னொரு காலத்தில் அல்ல, அண்மையில்தான். ஒரு வீட்டுக் கூடத்தில், கணினியின் முதுகில், கட்டைவிரல் அளவேயான பிரிப்பான் ஒன்று வாழ்ந்துவந்தது. கணினி ஒலியை ஒளியாக்கி அதனிடம் கொடுக்கும். பிரிப்பான் அந்த ஒளியைச் சரிபாதியாக்கி, ஒளி செல்லும் ஒரு வடத்தில் கூடத்து ஒலிபெருக்கிக்கும், மற்றொரு வடத்தில் உள்ளறை ஹெட்போனுக்கும் அனுப்பும். தனக்கென்று ஒரு துளியும் அது வைத்துக்கொண்டதில்லை.

அது அங்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. உள்ளறையில் படுக்கையாகிவிட்ட சிவசைலத்துக்குக் காது மந்தம். அவரும், கூடத்தில் துணி தைக்கும் மனைவி வேதநாயகியும் நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு இணைய வானொலியில் ஒரு துப்பறியும் தொடர்நாடகம் கேட்பார்கள். முன்பு அவரிடம் வடமில்லாத ஹெட்போன் இருந்தது. அது எதையும் சற்றே பிந்திச் சொல்லும். கட்டிலிலிருந்து பார்த்தால் திறந்த கதவுக்கு நேரே அவள் முகம்.

"வேதா, எனக்குக் கதை வந்து சேருமுன்னே உன் மூஞ்சி சொல்லிருது. எப்பவும் நீதான் முந்திக்கிடுற!" என்று அவர் குறைப்பட்டார். அதன்பின்தான் பிரிப்பானும் நீண்ட வடமும் வந்தன. இருவரும் ஒரே கணத்தில் கேட்டு, ஒரே கணத்தில் திடுக்கிட்டார்கள்.

ஒலிபெருக்கிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "கூடத்தையே நிறைப்பவன் நான். தலையணையோரம் முணுமுணுக்கும் அவனுக்கும் எனக்கும் சம பங்கா?" என்று அது சீறும்.

"பாதி ஒளியிலும் உனக்குச் சொல் முழுதாகத்தானே வருகிறது? பிறகென்ன வழக்கு?" என்று பிரிப்பான் கேட்கும்.

"பெருமை பேசாதே," என்றது கணினி ஒருநாள். "நம் ஒளி ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் சொல் மெலியாது, அறவே நின்றுவிடும். அதுமட்டுமன்று. நம் வடங்கள் ஒருவழிப் பாதை. அனுப்பத்தான் நமக்குத் தெரியும். கேட்டார்களா என்று அறிய வழியில்லை."

"எனக்கு உண்டு," என்றது பிரிப்பான். "அவர் கூவுகிறாரே!"

உண்மைதான். பாகம் முடிந்ததும் உள்ளறையிலிருந்து பெருங்குரல் எழும்: "சமையல்காரிதான் கொன்னா! எழுதி வச்சுக்கோ!"

"வைத்தியர்தான்! உப்பைக் குறைச்ச நாள்லருந்து சமைக்கிறவங்க மேலேயே உங்களுக்குச் சந்தேகம்!" என்று வேதநாயகி திருப்பிக் கூவுவாள். ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கி அதைக் கேட்டு அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பையே பிரிப்பான் தன் கூலியாகக் கொண்டது.

முப்பத்தொன்பதாம் பாகத்தன்று சொற்கள் இடையிடையே அறுந்தன. ஒளியை அனுப்பும் கணினியின் விளக்குக்கு வயதாகியிருந்தது. அன்று மாலையே சிவசைலத்துக்கு மூச்சுத் திணறியது. மருத்துவமனைக்குப் போகத் தூக்குப்படுக்கையில் கூடத்தைக் கடக்கும்போது அவர் மனைவியின் கையைப் பற்றினார்.

"நாளைக்குக் கடைசிப் பாகம். நான் வராம நீ கேட்டுராதே."

"நீங்க இல்லாம கேப்பனா? போயிட்டு வாங்க."

அவர் திரும்பி வரவில்லை.

பதினேழாம் நாள், உறவினர் எல்லோரும் கிளம்பிய பின், வேதநாயகி கணினியை இயக்கினாள். நாற்பதாம் பாகம் வானொலியின் பக்கத்தில் காத்திருந்தது. ஆனால் ஒலிபெருக்கியும் பேசவில்லை, ஹெட்போனும் பேசவில்லை. பழுது பார்க்கும் ஜெபராஜை அழைத்தாள்.

"அக்கா, கம்ப்யூட்டர்ல வெளிச்சம் மங்கிட்டு. ரெண்டாப் பிரிச்சா ரெண்டுக்குமே காணாது," என்றான் அவன். "இந்தச் சின்னதைக் கழட்டிட்டா ஒண்ணு மட்டும் நல்லா பேசும். கூடத்துக்கே குடுத்திரட்டுமா?"

"நான் சொன்னேனே," என்று ஒலிபெருக்கி நிமிர்ந்தது.

வேதநாயகி உள்ளறைக் கட்டிலைப் பார்த்தாள். பிறகு, "உள்ள இருக்கதுக்குக் குடுங்க தம்பி," என்றாள்.

"உள்ளயா? அங்க யாருக்கா..." என்று தொடங்கியவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பிரிப்பானைக் கழற்றி மேசைமேல் வைத்தான். நீண்ட வடத்தைக் கணினியில் நேராகச் செருகிவிட்டுப் போனான்.

அவள் ஹெட்போனைத் தலையணையின்மேல் எடுத்து வைத்தாள். விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"இன்னைக்கு நீங்க முந்திக்கிடுங்க," என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து நாடகத்தை ஓடவிட்டாள். தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்தாள். தைக்கவில்லை. முழு ஒளியும், பங்குபோடாமல், ஆளில்லாத அறைக்கு ஓடியது.

மேசைமேல் கிடந்த பிரிப்பானுக்குப் பொறுக்கவில்லை. "கணினியே, உன் வழியாகத்தானே போகிறது? கொன்றது யார்?"

கணினி தயங்கிற்று. "சமையல்காரி."

"அவர் சொன்னதே சரி!" என்று பதறியது பிரிப்பான். "அவளிடம் யாராவது சொல்லுங்களேன்!"

"எனக்கு ஒரு துளி ஒளி கொடு," என்று கெஞ்சியது ஒலிபெருக்கி. அதன் குரலில் பழைய வீறாப்பு இல்லை. "பங்கு கேட்கவில்லை. அந்த ஒரு சொல் போதும். அவள் பக்கத்தில்தான் இருக்கிறேன்."

கொடுப்பதற்குப் பிரிப்பானிடம் ஒன்றுமில்லை. அது ஒருநாளும் தனக்கென்று வைத்துக்கொண்டதில்லை அல்லவா?

பாகம் முடிந்ததைத் திரை காட்டியது. வேதநாயகி சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு, உள்ளிருந்து அந்தக் கூவல் எழுவதற்காகக் காத்திருந்தாள்.