நாரை இறங்காத ஏரி

நாரையூர் ஏரிக்கரை மடத்தின் தலைவி உமையாள் அம்மை. அவருடைய சீடர் ஏகாம்பரம், அம்மையைவிட இருபது வயது மூத்தவர்.

முதன்முதலாக அந்தக் கரைக்கு வந்த காலையை ஏகாம்பரம் மறந்ததே இல்லை. தண்ணீர் தெரியாதபடி நாரைகள். இடுப்பளவு நீரில் நின்று பாய் முடையக் கோரை அறுக்கும் பெண்களின் சிரிப்பு. இனி இதுதான் நம் ஊர் என்று அன்றே மனம் சொல்லிவிட்டது.

பின்னாளில் ஊரார் ஏரியை அவர் பொறுப்பில் விட்டார்கள். முதல் வேலையாக முள்வேலி போட்டார். பறவைகளுக்குத் தொந்தரவு என்று கோரை அறுக்கும் பெண்களைத் திருப்பி அனுப்பினார்.

மூன்று வருஷத்தில் ஏரி முழுக்கக் கோரை மண்டியது. நாரை வரவில்லை.

"ஓர் ஆளைக்கூட உள்ளே விடவில்லை அம்மா. அப்படியும் நாரை ஏன் வரவில்லை?"

"வாருங்கள், கேட்டுவிட்டு வரலாம்."

"யாரிடம்?"

அம்மை வெயிலில் இறங்கி நடந்தார். இரண்டு மைல் தள்ளி ஒரு செங்கல் சூளை. தலையில் கல் சுமந்து வந்தவளை ஏகாம்பரத்துக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. காத்தாயி. கோரை அறுக்க விடச் சொல்லி அன்று வேலியருகே நின்று நெடுநேரம் கெஞ்சியவள். இப்போது அவள் உள்ளங்கைகள் வெந்து வெடித்திருந்தன.

"நாரை ஏன் வரவில்லை, காத்தாயி?" என்று கேட்டார் அம்மை.

"அறுத்தாத்தானே தாயி தண்ணி தெரியும்? தண்ணி தெரிஞ்சாத்தானே நாரை இறங்கும்?"

"நீங்கள் அறுத்தால் கோரைக்குள் இருக்கும் முட்டைகள்?" ஏகாம்பரம் கேட்டார்.

"நீர்க்கோழி முட்டை வச்ச தூருல சேலைக் கிழிசலைக் கட்டிட்டு வந்துருவோம். எவளும் அருவா வைக்கமாட்டா."

ஏகாம்பரத்துக்கு நினைவு வந்தது. சிவப்பும் பச்சையுமாகக் கோரைநுனிகளில் ஆடிய துணிகள். ஆள் வைத்து அவற்றைக் குப்பையென்று பொறுக்கச் சொன்னவர் அவர்தான்.

"இதை அன்றே சொல்லியிருக்கலாமே, தாயே."

"யாரு சாமி கேட்டா?"

மறுநாள் ஏகாம்பரம் தன் கையாலேயே வேலியைப் பிரித்தார். கை கிழிந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். காத்தாயி கடைசியாக வந்தாள். அவரைப் பார்க்காமலே தண்ணீரில் இறங்கினாள்.

ஐப்பசியில் ஏழெட்டு நாரைகள் இறங்கின. ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கியது.

"இனி ஒருநாளும் தவறக் கூடாது அம்மா. ஏரி நலமாக இருக்கிறதா என்று தினமும் நான் எதைப் பார்க்க வேண்டும்?"

அம்மை சொன்னார்:

"காத்தாயி வீட்டில் உலை கொதிக்கிறதா என்று பாருங்கள்."