படிக்க இயலவில்லை

“ஒரு பக்கத்தைப் படிக்க முடியலன்னா அட்டையில என்ன எழுதறது, டீச்சர்?” என்று கேட்டார் கோதண்டம்.

“படிக்க இயலவில்லைன்னு எழுதுங்க, சார்.”

“அவ்வளவுதானா?”

“கீழே உங்க பேர்.”

செண்பகம் தலை நிமிரவில்லை. ஒரு பழைய பதிவேட்டின் முதுகிலிருந்து மென்தூரிகையால் தூசியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

கோதண்டத்துக்கு அறுபத்து மூன்று வயது. செண்பகத்துக்கு முப்பத்தாறு. அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் அல்ல. வார நாட்களில் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில், நெடுங்கரையின் பழைய தந்தி ஆபீஸ் பின்னறையில், ஊரின் காகிதங்களைக் காப்பாற்றுகிறவள்.

அவளைச் சுற்றி ஏழெட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. தேநீர் உண்டு, அதுவும் வாசலில் நின்று குடிக்க வேண்டும்.

கோதண்டம் தாலுகா ஆபீஸ் ஆவண அறையில் முப்பது வருடம் இருந்தவர். காகிதத்தைப் பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்து வந்தார்.

முதல் ஞாயிறு செண்பகம் அவர் கையில் தூரிகையைக் கொடுத்தாள். இரண்டாம் ஞாயிறும் தூரிகைதான். மூன்றாவதும். நான்காவது ஞாயிறு, எப்போது கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டார்.

“இன்னைக்கு நீங்க பக்கத்து மேல வாயால ஊதல, சார். ஆரம்பிக்கலாம்.”

அன்றிலிருந்துதான் அவர் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவரை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. பழைய குமாஸ்தாக்களின் கையெழுத்து. புள்ளி இருக்காது. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் இடம் இருக்காது. ஒரு வரி முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி போகும். செண்பகத்துக்கே அது வராது. கோதண்டம் செய்தித்தாள் போல வாசிப்பார்.

சார் விட்டால் பூச்சி தின்ற எழுத்தையும் பூச்சி வயிற்றிலிருந்து எடுத்துப் படித்துவிடுவார் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது.

ஒவ்வொரு பக்கத்திலும் என்ன இருக்கிறது என்று ஓர் அட்டையில் குறித்துப் பெட்டியில் போடுவது அங்கே முறை. ஆனால் படிக்க முடியாத பக்கத்துக்குப் படித்தவர் பெயரை எழுதும் வழக்கம் அவருக்கு விளங்கவில்லை. வேறெங்கும் அவர் அதைப் பார்த்ததில்லை. காரணம் கேட்டார். செண்பகம் சொன்னாள்:

“காகிதத்து மேல பழி போடக் கூடாது, சார். நாளைக்கு வேற ஒரு கண் வரும்.”

இப்போது அவர் முன்னால் எழுபது வருடத்துக்கு முந்தைய பஞ்சாயத்து போர்டு நடவடிக்கைப் புத்தகம் திறந்திருந்தது. பக்கம் நூற்றுப் பதினேழு.

அதில் ஒரு சொல்கூட அவருக்குப் படிக்க முடியாததாக இல்லை.

கடைவீதியில் புதிதாக வைத்த தண்ணீர்க் குழாயைப் பற்றிய கூட்டம். கீழத்தெருவாரும் அதில் தண்ணீர் பிடிக்கலாம் என்று ஓர் உறுப்பினர் தீர்மானம் கொண்டுவருகிறார். இன்னோர் உறுப்பினர் எழுந்து எதிர்க்கிறார். அவர் பேசியதைக் குமாஸ்தா ஒரு சொல் விடாமல் எழுதி வைத்திருந்தார். அவர்கள் தொட்ட குழாயில் என் வீட்டுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று ஆரம்பித்து, அதைவிட மோசமாகப் போயிற்று.

பேசியவர் வைத்தியலிங்கம். கோதண்டத்தின் அப்பா.

பள்ளிக்கூட வாசல் வளைவில் இருக்கும் பெயர். அடுத்த மாதம் அவருடைய நூற்றாண்டு விழா. எங்கள் அப்பா ஒருவரையும் ‘ஏய்’ என்று கூப்பிட்டதில்லை என்று கோதண்டம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய்யும் இல்லை. அப்பா அப்படிக் கூப்பிட்டு அவர் கேட்டதே இல்லை.

பென்சிலை எடுத்தார்.

பக்கம் 117. படிக்க இயலவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, அதன் கீழே: கோதண்டம்.

அட்டையைச் செண்பகத்திடம் நீட்டினார். ஈரம் பட்ட இடம், மை கலங்கிவிட்டது, தாளும் நைந்திருக்கிறது என்று சொல்வதற்கு மூன்று காரணங்கள் வைத்திருந்தார்.

அவள் வாசித்தாள். பெட்டியில் போட்டாள்.

“நீங்க பக்கத்தைப் பார்க்கலையே, டீச்சர்.”

“உங்களால முடியாதத நான் பார்த்து என்ன ஆகப் போவுது, சார்?”

மூன்று காரணங்களும் தேவைப்படவில்லை. கோதண்டம் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தார்.



அடுத்த ஞாயிறு ஒரு பெண் வந்தாள். பெயர் மரகதம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் என்று அவளே சொல்லிக்கொண்டாள். செருப்பை வெளியே விட்டாள். யாரும் சொல்லாமலே கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

கீழத்தெருவில் படிப்பகம் கட்டியிருக்கிறார்கள். அதற்கு அவளுடைய தாத்தா சடையாண்டியின் பெயரை வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவர் போர்டில் உறுப்பினராக உட்கார்ந்து, தெருவுக்காக ஒரு தடவை பேசியவர். ஒரே கூட்டம்தான். அடுத்த கூட்டத்துக்குள் அவரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். இதெல்லாம் வீட்டுப் பேச்சு. எழுத்தில் ஒன்றும் இல்லை.

“கமிட்டியில சிரிக்கறாங்கம்மா. அந்தக் காலத்துல நம்ம ஆளுக்கு நாற்காலி போட்டிருப்பானாங்கறாங்க. எங்கண்ணனே தாத்தா சும்மா அளந்திருப்பாருன்னு சொல்லுது. நாளைக்குப் பேரை முடிவு பண்றாங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அவரு பேரு ஒரு எடத்துல இருந்தா போதும்.”

செண்பகம் வருடத்தைக் கேட்டுக்கொண்டாள். பெட்டியை இழுத்து, அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். சாலைக்கு மண் அடித்தது. சந்தைக்குக் கொட்டகை போட்டது. நாய் பிடிக்க ஆள் வைத்தது. சடையாண்டி எங்கும் இல்லை.

கோதண்டம் அடுத்த மேசையில் இருந்தார். தூரிகை கையில் இருந்தது. நகரவில்லை.

“இந்த ஒரு பக்கம்தான் பாக்கி,” என்று செண்பகம் அட்டையை மரகதத்தின் பக்கம் திருப்பினாள்.

மரகதம் குனிந்து வாசித்தாள். அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

“இதுல கோதண்டம்னு ஒரு பேரு இருக்கே. அவரும் மெம்பரா?”

“இல்ல. அது படிக்க முடியாதவர் பேர்.”

“அய்யோ பாவம்,” என்றாள் மரகதம், உண்மையாகவே. “வயசானவரா? வெள்ளிக்கிழமை எங்க ஆஸ்பத்திரிக்குக் கண் டாக்டர் வர்றாரு. வரச் சொல்லுங்க. நான் வரிசையில நிக்க விடாம கூட்டிட்டுப் போறேன்.”

செண்பகம் சிரிக்கவில்லை. அடுத்த மேசையைப் பார்க்கவும் இல்லை. அட்டையைப் பெட்டியில் திரும்ப வைக்கப் போனாள்.

கோதண்டம் எழுந்தார்.

அலமாரியிலிருந்து புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி வந்து, மரகதத்தின் முன்னால் வைத்தார். நூற்றுப் பதினேழைத் தேட வேண்டியிருக்கவில்லை. முதல் வரியில் விரலை, தொடாமல், ஒரு நூல் உயரத்தில் வைத்துக்கொண்டார். அதுவும் செண்பகம் கற்றுக்கொடுத்ததுதான்.

“‘உறுப்பினர் திரு. சடையாண்டி அவர்கள் எழுந்து பேசியதாவது’,” என்று வாசித்தார்.

மரகதம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“‘குழாய்த் தண்ணீர் ஆற்றிலிருந்து வருகிறது. ஆறு எங்கள் தெருவைத் தாண்டித்தான் உங்கள் கடைவீதிக்கு வருகிறது. நாங்கள் குளித்தது போகத்தான் இத்தனை காலமும் நீங்கள் குடித்திருக்கிறீர்கள். இனி எல்லாரும் ஒரே குழாயில் பிடிக்கலாம் என்று தீர்மானிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.’”

மரகதம் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். அப்படியே எங்கண்ணன் பேசற மாதிரி இருக்கு, அதே வாய், என்றாள். அந்த இடத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். வெளிச்சம் அடிக்காமல் எடுக்கச் சொன்னாள் செண்பகம். எடுத்தாள். வாசித்ததைச் செண்பகம் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள். இரண்டையும் நாளைக்குக் கமிட்டியில் காட்டினால் போதும், இனி ஒருத்தரும் வாய் திறக்க முடியாது என்றாள் மரகதம். வந்த வேலை முடிந்துவிட்டது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

கோதண்டத்தின் விரலுக்குக் கீழே பக்கத்தில் பாதி இன்னும் இருந்தது.

அந்த அறையில் அதை வாசிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

“பக்கம் முடிஞ்சுதா, சார்?” என்று கேட்டாள் செண்பகம்.

“இல்ல, டீச்சர்,” என்றார் கோதண்டம். மரகதத்தைப் பார்த்தார். “உட்காரும்மா. அடுத்து எங்கப்பா பேசறார்.”