உப்பளத்தில் ஒரு வித்தியாசாலை

ஆலந்துறை அரசர் கடம்பராயருக்குக் கோபம் வந்தால் ஊரில் யாரும் பயப்பட மாட்டார்கள். யோசனை வந்தால்தான் பயம். காலையில் வந்த யோசனையை மதியத்துக்குள் உத்தரவாக்கிவிடுவார். அந்த உத்தரவுகளை ஓலையில் எழுதுவது பூங்காவனத்தின் வேலை. சின்ன வயதில் உப்பளத்தில் உப்பு வாரியவள் அவள். எப்படியோ எழுத்துக் கற்று அரண்மனைக்குள் வந்துவிட்டாள். சபையில் அவள் வாய்க்கு ஈடு கிடையாது.

ஒருநாள் அரசர் நகர்வலம் போனபோது பள்ளிக்கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். உபாத்தியாயர் கொளஞ்சி ஓர் ஆட்டுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைகள் எங்கே ஐயா?"

"உப்பளத்தில், மகாராஜா. அங்கே போனால் நாளுக்கு அரைக் காசு. என்னிடம் வந்தால் தலையில் குட்டு. இந்த ஆடு ஒன்றுதான் ஒழுங்காக வருகிறது."

அரசருக்கு அந்த இடத்திலேயே யோசனை வந்துவிட்டது.

"எழுதம்மா, பூங்காவனம்! பள்ளிக்கூடத்தில் காலையிலிருந்து மாலைவரை இருக்கும் பிள்ளைக்கு நாளுக்கு ஒரு காசு!"

பூங்காவனத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் வாயிலிருந்து இப்படியும் ஒன்று வருமா என்று வேகவேகமாக எழுதினாள்.

மறுவாரம் பள்ளிக்கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மீசையை மழித்துக்கொண்டு இரண்டு பேர் "எனக்கும் எட்டு வயசுதான்" என்று வந்து நின்றார்கள். ஒருத்தி கன்றுக்குட்டிக்குப் பாவாடை கட்டிக் கூட்டிவந்தாள். அவர்களையெல்லாம் விரட்டிய பிறகும் நிஜப் பிள்ளைகளே எழுபது பேர் இருந்தார்கள்.

உப்பளங்கள் காலியாயின. அவற்றின் சொந்தக்காரர் மந்திரி மங்கபதி. நாலு நாள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் உப்பளத்து வாசலில் ஒரு பலகை தொங்கியது: 'ஸ்ரீ லவண வித்தியாசாலை'. லவணம் என்றால் உப்பு.

"இதுவும் பள்ளிக்கூடம்தான். அரசர் ஒரு காசு தருவார். அதற்கு மேல் நான் கால் காசு தருகிறேன்" என்று வீடு வீடாகச் சொல்லி அனுப்பினார். பாதிப் பிள்ளைகள் மறுபடி உப்பு வாரப் போய்விட்டார்கள். கூலியை அரண்மனை கொடுத்தது. உப்பு மங்கபதிக்குப் போனது.

கொளஞ்சி ஓடி வந்து பூங்காவனத்திடம் அழுதார். "அந்தச் சிட்டம்மா, ஒன்பது வயசுக் குழந்தை, இப்போதுதான் தன் பேரை எழுதப் பழகினாள். உள்ளங்கையெல்லாம் வெடித்துக் கிடக்கிறது, அம்மா!"

சபையிலோ அரசர் பூரித்துப்போயிருந்தார். "பார்த்தாயா பூங்காவனம்! என் உத்தரவால் பள்ளிக்கூடம் இரண்டாகிவிட்டது!"

"ஆமாம் மகாராஜா" என்றார் மங்கபதி. "உப்பு வாரும் பலகைதான் எங்கள் எழுத்தாணி. பாத்திதான் ஓலை."

உத்தரவில் ஓட்டை இருக்கிறது என்று பூங்காவனம் சொல்லியிருக்கலாம். முன்பு அப்படிச் சொன்ன வேறொரு மந்திரி இப்போது அரண்மனை மயில்களுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆகவே அவள் பணிவாகக் கேட்டாள்.

"அருமையான படிப்பு! அங்கே உபாத்தியாயர் யார், மந்திரியாரே?"

உபாத்தியாயருக்கு மாதம் நூறு காசு என்பது மங்கபதிக்கு ஞாபகம் வந்தது. "நானேதான்!" என்றார்.

"அப்படியானால் நாளைக்கு மகாராஜா பாடத்தைப் பார்க்க வரட்டும். எல்லாப் பள்ளியிலும் உள்ள வழக்கம்தான். முதலில் உபாத்தியாயர் எழுதிக் காட்ட வேண்டும். அவர் சொல்வதைப் பிள்ளைகள் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும்."

"பேஷ்!" என்றார் அரசர்.

மறுநாள் உச்சிவெயிலில் அரசர் குடையின் கீழ் உட்கார்ந்தார். பிள்ளைகளைப் பூங்காவனம் ஓலைக் கொட்டகை நிழலில் வரிசையாக உட்காரவைத்தாள். மங்கபதி பட்டு வேட்டியோடு, பலகையைப் பிடித்தபடி வரப்பில் நின்றார்.

"வித்தியாசாலைக்குள் செருப்பா?" என்றாள் பூங்காவனம்.

செருப்பைக் கழற்றிப் பாத்தியில் இறங்கினார். கொதிக்கும் உப்புநீர் பாதத்தைப் பிடித்தது.

"ஐயோ!" என்றார்.

"ஐயோ!" என்றார்கள் முப்பத்தைந்து பிள்ளைகளும் ஒரே குரலில்.

"சும்மா இருங்கள்!"

"சும்மா இருங்கள்!"

பலகையை இழுத்துப் பெரிதாக ஓர் 'அ' போட்டார். கை வழுக்கியது. "சுழியே வரலையே, ஐயா" என்றாள் சிட்டம்மா. அரசரும் எட்டிப் பார்த்தார். "ஆமாம், வரவில்லை. இன்னொரு தரம் எழுதும்."

பத்தாவது 'அ'வில் மங்கபதியின் உள்ளங்கை கொப்பளித்தது. பதினைந்தாவதில் கால் துவண்டது. பலகையை வீசி எறிந்தார்.

"மகாராஜா, இது மனுஷன் நிற்கிற இடமா? இது பள்ளிக்கூடமே இல்லை, வெறும் உப்பளம்!"

பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள்: "இது பள்ளிக்கூடமே இல்லை, வெறும் உப்பளம்!"

அரசரின் முகம் மாறியது. எழுந்துவந்து குனிந்து சிட்டம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"பூங்காவனம், எழுது. உப்பு வாரப் பெரியவர்கள் மட்டும். முழுக்கூலிக்கு. இந்தப் பிள்ளைகள் இன்றைக்கே கொளஞ்சியிடம் போகட்டும். இவர்களுக்காக அரண்மனை கொடுத்த காசையெல்லாம் மங்கபதி திருப்பிக் கட்டட்டும்."

மங்கபதி நொண்டிக்கொண்டு கரையேறினார். ஆசை மட்டும் இன்னும் அடங்கவில்லை. "வெயிலில் நின்று பாடம் நடத்தினேனே, மகாராஜா. இன்றைக்கு உண்டான உபாத்தியாயர் சம்பளமாவது..."

அரசர் பூங்காவனத்தைப் பார்த்தார்.

"அது எப்படி முடியும், மந்திரியாரே?" என்றாள் அவள். "உப்பளம் எப்படிச் சுடும் என்று இந்தப் பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். இன்று புதிதாகக் கற்றுக்கொண்டவர் நீங்கள் ஒருவர்தான். உங்களுக்குச் சேர வேண்டியது பிள்ளைக்கான ஒரு காசு."

"சரி, அதையாவது கொடு!" என்று கை நீட்டினார் மங்கபதி.

அரசர் சிரித்த சிரிப்பில் குடை பிடித்தவனே ஆடிப்போனான். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பூங்காவனத்தின் கையில் வைத்தார். அவளோ சிரிக்காமல் மங்கபதியிடம் சொன்னாள்:

"பிள்ளைகள் கையில் காசு கொடுப்பதில்லை. போய் உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்."