புரிஞ்சுதா?

“பிள்ளைங்க பொய் சொல்லுதுங்க மேடம்.”

தலைமையாசிரியை நசீமா பானு நிமிர்ந்து பார்த்தார். எதிரே கணக்கு வாத்தியார் சத்தியசீலன். வயதில் அவரைவிட மூத்தவர், கோபத்தில் இன்னும் மூத்தவர்.

“என்ன பொய் சார்?”

“ஒவ்வொரு கணக்கையும் முடிச்சுட்டுப் புரிஞ்சுதான்னு கேக்குறேன். புரிஞ்சுது சார்னு கூரை பறக்கிற மாதிரி கத்துதுங்க. காலாண்டுப் பரீட்சையில பார்த்தா பத்தாம் வகுப்புல பாதிக்குப் பாதி ஃபெயிலு. புரியாததைப் புரிஞ்சுதுன்னா அது பொய்தானே?”

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் உழைப்பாளி. கரும்பலகைப் பக்கம் திரும்பினார் என்றால் மணி அடிக்கும்வரை கை நிற்காது. ‘புரிஞ்சுதா?’ என்பதைக்கூடப் பலகையிடம்தான் கேட்பார்.

“விழலுக்கு இறைச்ச தண்ணி மேடம். பத்தாம் வகுப்பை வேற யாருக்காவது குடுத்துடுங்க. எனக்கு ஆறாவது போதும். ரிட்டயர் ஆகிறவரைக்கும் நிம்மதியா இருந்துட்டுப் போயிடுறேன்.”

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கே மனசு ஒப்பவில்லை. இந்தப் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து பத்தாம் வகுப்பு அவருடையது.

பள்ளி இருப்பது நகரத்தின் ஓரத்தில். கேட்டைத் தாண்டித்தான் தனியார் பள்ளி வேன்கள் மஞ்சள் மஞ்சளாகப் போகும். இந்த வருஷம் ரிசல்ட் கவிழ்ந்தால் மிச்சமிருக்கும் பிள்ளைகளும் அந்த வேனில் ஏறிவிடும் என்று ஊரில் பேச்சு. அந்தப் பழி தன் தலையில் விடியுமோ என்று அவருக்கு உள்ளூர உதறல்.

மேடம் மேஜைமேல் இருந்த சாக்பீஸ் பெட்டியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

“சாயந்திரம் ஸ்டாஃப் மீட்டிங் இருக்கு சார். அது முடியட்டும்.”

நான் என்ன கேட்கிறேன், இந்தம்மா என்ன சொல்கிறார்? வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இவரிடம் போய்ச் சொன்னேனே என்று நொந்துகொண்டே வெளியே வந்தார்.

சாயந்திரம் மீட்டிங் பத்தாம் வகுப்பு அறையில் நடந்தது. ஆசிரியர்கள் எல்லாரும் பிள்ளைகளின் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். சத்தியசீலனுக்கு மூன்றாவது பெஞ்ச். முட்டி இடித்தது.

மதிப்பெண் ஏற்றுவதற்குப் புது ஆப் ஒன்று வந்திருந்தது. மேடம் சாக்பீஸை எடுத்தார். பலகைப் பக்கம் திரும்பினார். படபடவென்று கட்டங்களாகப் போட்டார்.

“முதல்ல இதை அமுக்கணும். அது வரும். அதுக்குள்ள போய் இதைப் போடணும். சிவப்பாயிடுச்சுன்னா வெளிய வந்து, பச்சையாக்கிட்டு, திரும்பவும் இதை அமுக்கணும்.”

எதை அமுக்க வேண்டும், எது சிவப்பாகும்? சத்தியசீலன் ஓரக்கண்ணால் பக்கத்தைப் பார்த்தார். தமிழம்மா கனகவல்லி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். முன் பெஞ்சில் சயின்ஸ் வாத்தியாரும் ஆட்டினார். சத்தியசீலனும் ஆட்டினார்.

“புரிஞ்சுதா?” மேடம் பலகையைப் பார்த்தபடியே கேட்டார்.

“புரிஞ்சுது மேடம்!”

சத்தியசீலன் குரல்தான் பெரிது.

மீட்டிங் கலைந்தது. வராண்டாவில் அவர் கனகவல்லியிடம் மெதுவாகக் கேட்டார்.

“தமிழம்மா, முதல்ல எதை அமுக்கணும்?”

“நானே உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன் சார்.”

பின்னால் யாரோ வரும் சத்தம். திரும்பினால் மேடம்.

“புரியலையா சார்?”

“புரியல மேடம்.”

“அப்ப ஏன் புரிஞ்சுதுன்னீங்க?”

“எல்லாரும் சொன்னாங்க. கூட்டத்தோட கோவிந்தா போட்டுட்டேன். நான் ஒருத்தன் மட்டும் எந்திரிச்சு எப்படி மேடம்...”

வாய் அப்படியே நின்றுவிட்டது.

மேடம் சாக்பீஸ் கையைத் தட்டிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் முதல் பீரியட். சத்தியசீலன் இருபடிச் சமன்பாடு ஒன்றைப் பலகையில் போட்டு முடித்தார். பழக்கதோஷத்தில் அந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பினார்.

“நேத்து இதே ரூம்ல எங்களுக்கு மீட்டிங். மேடம் ஒரு பாடம் எடுத்தாங்க. எனக்கு ஒரு மண்ணும் புரியல. புரிஞ்சுதுன்னு சொல்லிட்டேன்.”

வகுப்பு சிரிக்கலாமா என்று யோசித்தது. பிறகு கொல்லென்று சிரித்தது.

“எந்த பெஞ்ச் சார்?” என்றான் ஒருவன்.

“அதோ, அந்த மூணாவது.”

அந்த பெஞ்சில்தான் தமயந்தி உட்கார்ந்திருந்தாள். நன்றாகத் தலையாட்டுகிற பிள்ளை. காலாண்டில் கணக்கில் பன்னிரண்டு மார்க். சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு எழுந்து நின்றாள்.

“சொல்லும்மா.”

“சார்... மைனஸை மைனஸால பெருக்குனா எப்படி சார் பிளஸ் வரும்?”

“எப்ப இருந்தும்மா புரியல?”

“ஏழாவதுல இருந்து சார்.”

பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்கிற கேள்வியா என்று யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

“எனக்கும் சார்” என்றது ஒரு குரல். கடைசி பெஞ்சில் இரண்டு கை உயர்ந்தது. பிறகு ஜன்னலோரம் ஒன்று.

சத்தியசீலனுக்குக் கண் கலங்கிவிட்டது. டஸ்டரை எடுத்தார். சமன்பாட்டை மேலிருந்து கீழ்வரை அழித்தார்.

மணி அடித்தும் அவர் வெளியே வர நேரமாயிற்று. சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள். வராண்டாவில் அடுத்த பீரியடுக்கு ஆசிரியர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எதிரே மேடம்.

“சார், பத்தாம் வகுப்பை யாருக்குக் குடுக்கலாம்னு யோசிச்சிட்டிருக்கேன்.”

“யாருக்குக் குடுப்பீங்க? எனக்கே நேரம் பத்தல. பி.டி. பீரியடைத் தொட்டா பிள்ளைங்க என்னைக் கொன்னுடும். வேற எதுல இருந்தாவது ஒண்ணு புடுங்கிக் குடுங்க மேடம்.”

“பார்க்கலாம். அந்த ஆப் புரிஞ்சுதா?”

வராண்டாவில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார் கணக்கு வாத்தியார்.

“புரியல மேடம்.”