தடம் காய்ந்துவிட்டதா, செம்பி?

கூனிமலைக் காட்டில் செம்பி என்றொரு கேளையாடு இருந்தது. பெயரில்தான் ஆடு, உண்மையில் அது நாய் குரைப்பதுபோலக் கத்தும் ஒரு சின்ன மான். அந்த மலையிலேயே உரக்கக் கத்துவது செம்பிதான். அதனால் விலங்குகள் எல்லாம் சேர்ந்து அதற்கு ஒரு வேலை கொடுத்திருந்தன.

மலை உச்சியில் புல்வெளி. அடிவாரத்தில் உப்புமண் மேடு. நடுவே எட்டு வளைவுகளோடு இறங்கும் ஒரே ஒரு செம்மண் தடம். மழை பெய்தால் அந்த மண் குழைந்துவிடும். குழைந்த மண்ணை மிதித்தால் குழி விழும். அடுத்த மழைத் தண்ணீர் அந்தக் குழிகளில் ஓடித் தடத்தையே அறுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே மழைக்குப் பிறகு யாரும் தடத்தில் இறங்கக் கூடாது. தடம் காய்ந்ததும் செம்பி மூன்று முறை கத்தும். அதற்கப்புறம்தான் எல்லா விலங்குகளும் இறங்கும்.

ஆனால் ஒன்று. இந்த வேலையில் செம்பிக்கு இது முதல் மழைக்காலம். அதற்குக் கத்தத் தெரியும். ஈரம் பார்க்கத் தெரியாது!

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் வெயில் அடித்தது. ஐந்தாம் நாள் காலையில் காட்டெருமைக் கூட்டத்தின் தலைவன் கொம்பன் வந்து நின்றது.

“செம்பி, தடம் காய்ந்துவிட்டதா?”

“தெரியவில்லையே, அண்ணே!”

“அதைச் சொல்லத்தானே நீ இருக்கிறாய்! கன்றுகள் உப்பு நக்கிப் பத்து நாளாகிறது. பாறையையும் மரப்பட்டையையும் நக்கிக்கொண்டு திரிகின்றன. கடைக்குட்டிக் கன்று குட்டைவாலன் இன்று தள்ளாடித்தான் எழுந்தது. சீக்கிரம் பார்த்துச் சொல்!”

செம்பி ஓடியது. முதல் வளைவில் ஒரு பாறை. பாறைமேல் ஓர் ஓணான்.

“ஓணானே, தடம் காய்ந்துவிட்டதா?”

“நல்ல கேள்வி கேட்டாய்! இங்கே சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருக்கிறேன். தடம் நேற்றே காய்ந்துவிட்டது!”

செம்பி மண்ணை உதைத்துப் பார்த்தது. புழுதி பறந்தது. ‘அப்பாடா!’ என்று நினைத்துக்கொண்டு இன்னும் கீழே இறங்கியது. ஐந்தாம் வளைவில் நாவல் மரங்கள் நெருக்கமாக நின்றன. வேரடியில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

“தடம் காய்ந்ததாவது! இன்னும் ஒரு மாதம் ஆகும்!” என்றது தவளை.

“போன கோடையிலும் இதையேதானே சொன்னாய்?”

“அப்போதும் ஈரம்தான்! என் தோலுக்குத் தெரியாதா?”

செம்பி விழித்தது. குனிந்து தன் கால்களைப் பார்த்தது. மூன்று குளம்புகளில் புழுதி. ஒன்றில் மட்டும் சேறு. எங்கே ஒட்டியது? நினைவில்லை. நின்ற இடத்து மண் காய்ந்து வெடித்திருந்தது. ஆனால் முதுகில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. பெய்வது மழையா, மரமா? அதுவும் விளங்கவில்லை. மேலே போனது. கீழே வந்தது. மறுபடி மேலே போனது. போகப் போகக் குழப்பம்தான் கூடியது.

இதையெல்லாம் ஒரு நரி புதருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

“என்ன அம்மணி, போன வழியிலேயே நாலு தரம் போகிறாய்?”

“ஓணான் காய்ந்துவிட்டது என்கிறது. தவளை ஈரம் என்கிறது. நான் எதைத்தான் சொல்ல?”

“இதற்கா இத்தனை குழப்பம்! நீயே ஒரு நடை நடந்து பார். உன் காலைத் தாங்கினால் தடம் காய்ந்துவிட்டது. தீர்ந்தது வழக்கு!” என்ற நரி, ஐந்தாம் வளைவுக்குக் கீழேயிருந்த பள்ளத்தைப் பார்த்து நாக்கைச் சுழற்றிக்கொண்டது.

செம்பி அதைக் கவனிக்கவில்லை. உச்சியிலிருந்து மெல்ல நடந்து வந்தது. எங்கும் கால் புதையவில்லை. ஐந்தாம் வளைவில் மட்டும் மேல்மண் அப்பளம்போல் நொறுங்கியது. அடியில் ஏதோ லேசாக அசைந்தது. அசைந்ததா? இல்லை, அப்படித் தோன்றியதா?

‘இன்னொரு முறை பார்க்கலாமா?’ என்று செம்பி தயங்கியது. அதற்குள் மேலே கன்றுகள் முனகுவது கேட்டது.

“காய்ந்துவிட்டதா, இல்லையா?” என்று கொம்பன் முழங்கியது.

செம்பி கத்தியது. ஒன்று. இரண்டு. மூன்று.

காட்டெருமைகள் வரிசையாக இறங்கின. நாலு வளைவு வரைக்கும் புழுதி கிளம்பியது. ஐந்தாம் வளைவில் கொம்பனின் முன்கால் முழங்கால்வரை புதைந்தது.

“நில்லுங்கள்! நில்லுங்கள்!”

உப்பு வாசனை பிடித்துவிட்ட கூட்டம் எங்கே நிற்கும்? பின்னால் வந்தவை முன்னால் நின்றவற்றை நெருக்கின. தடத்தின் விளிம்பு சரிந்தது. மண்ணோடு மண்ணாகக் குட்டைவாலன் பள்ளத்தில் விழுந்து, முட்புதரில் சிக்கிக்கொண்டது.

அங்கே நரி காத்திருந்தது. கூடவே இன்னும் இரண்டு நரிகள்!

செம்பி யோசிக்கவே இல்லை. ஒரே தாவாகப் பள்ளத்தில் குதித்தது. கன்றுக்கு முன்னால் நின்று கத்தியது.

“விலகிக்கொள், அம்மணி! உன் வேலை மூன்று கத்தலோடு முடிந்துவிட்டது!” என்று நரி பல்லைக் காட்டியது.

“முடியவில்லை!”

செம்பி கத்திக்கொண்டே இருந்தது. தொண்டை கட்டியும் நிறுத்தவில்லை. புதர் மறைத்ததால் கொம்பனுக்குப் பள்ளத்தில் ஒன்றும் தெரியவில்லை. சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டு, அந்தக் கத்தல் வந்த திசையைப் பிடித்துத்தான் மூங்கிலை முறித்து இறங்கி வந்தது. அதன் கொம்பைக் கண்டதும் நரிகள் சிட்டாய்ப் பறந்தன.

குட்டைவாலன் நொண்டிக்கொண்டே எழுந்தது.

“காய்ந்துவிட்டது என்றாயே, செம்பி!” என்றது கொம்பன்.

“எனக்குக் காய்ந்துதான் இருந்தது, அண்ணே.”

கொம்பன் வளைவில் ஏறித் தரையைப் பார்த்தது. அதன் குளம்புக் குழியில் தண்ணீர் ஊறி நின்றது. செம்பி நடந்த சுவட்டைத் தேடியது. கிடைக்கவே இல்லை.

இரண்டு நாளில் மறுபடி மழை வந்தது. குழிகளில் தண்ணீர் பாய்ந்தது. ஐந்தாம் வளைவு அடியோடு போயிற்று. கோடை வரும்வரை எல்லா விலங்குகளும் பாறைக்காட்டைச் சுற்றிக்கொண்டு உப்புக்குப் போயின. கன்றுகள் இளைத்தன. செம்பியை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அதற்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

கோடையில் எல்லாம் கூடிப் புதுத் தடம் மிதித்தன. அடுத்த மழை விட்டதும் செம்பி யாரிடமும் கேட்கவில்லை. கொம்பனை அழைத்துக்கொண்டு, நிழல் அதிகமாக விழும் வளைவுக்கு நேரே போனது.

“அண்ணே, ஒரே ஒரு காலை வையுங்கள். முழு எடையையும் போடுங்கள்.”

குளம்பு புதைந்தது. குழியில் தண்ணீர் ஊறியது.

“இன்று வேண்டாம்,” என்றது செம்பி.

மறுநாளும் குழி விழுந்தது. கன்றுகள் முனகின. ஆனாலும் செம்பி கத்தவில்லை. நாலாம் நாள் கொம்பனின் குளம்பு பட்டு மண் ‘தட்’டென்று ஒலித்தது. தண்ணீர் ஊறவில்லை. அன்றுதான் கன்றுகள் உப்பு மேட்டுக்கு இறங்கின.

எல்லாருக்கும் பொதுவான வழியை, தன் காலுக்குத் தாங்கியதை வைத்து எடை போடாமல், கனத்தவர் காலையும் கடைசியாகக் காயும் இடத்தையும் வைத்தே எடை போட வேண்டும்.